சூடேறாத சோல்டரிங் அயன்

நாடக விளக்கு வயர்களை ஒட்ட வைத்திருந்த எங்கட சோல்டரிங் அயன் சூடேறவில்லை. “ஆர்ட்ஸ் பெடியளுக்கு உது சரிவராது, புதுசு வாங்குங்கோ” எண்டினம். வாங்கினால் நாடகக் காசில்தான் கைவைக்கவேணும்.

சுவரிலிருந்து பிளக்கைக் கழட்டினோம். பியூஸ் நல்லாத்தான் இருந்தது. கரண்ட் போகிற இரண்டு பின்னிலும் மல்டிமீற்றரைப் பிடித்தோம். 230 வோல்ற்றில் 60 வாற் எண்டால் கிட்டத்தட்ட 880 ஓம் காட்டவேணும். 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் பிரித்தால் வரும், இதுக்கு எஞ்சினியரிங் தேவையில்லை. மீற்றர் அசையவேயில்லை. கைபிடிக்குப் பக்கத்தில் வயரை வளைக்க, 880 வந்து வந்து போனது. அப்ப எலிமென்ட் உயிரோடதான் இருக்கு, வயர்தான் உள்ளுக்க அறுந்திருக்கு. சுத்திச் சுத்தி வைக்கிற வயர் அந்த இடத்தில்தான் அறும்.

வெட்டித் திருப்பிப் பூட்டினோம். “பச்சை மஞ்சள் வயரை விடுவம்” எண்டான் ஒருத்தன். விடேல்லை. எலிமென்ட் கசிந்தால் கரண்ட் ஆளுக்குள்ளால போகாமல் அதுக்குள்ளாலதான் போகவேணும்.

இப்ப வயர் ஒரு சாண் கட்டை. மேசையைச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறோம்.