இறக்கி வைத்த சுமை

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் கிருத்திகை தவறாமல் குறிஞ்சியாண்டவர் சந்நிதிக்கு வந்துவிடுவார். அர்ச்சனை முடிந்ததும் உடனே வீடு திரும்ப மாட்டார். கோயிலின் வடபுறம் சென்று, கீழே நோக்கியபடி நெடுநேரம் நிற்பார். சுமார் 7,000 அடி உயரத்திலிருந்து காண்போருக்கு, மேகம் விலகிய நாளில், பழநி மலை சமவெளியில் கவிழ்த்து வைத்த சிறு குடம் போலத் தோன்றும்.

அம்மலையிடம் அவருக்கு ஒரு கடன் இருந்தது. மகன் சிறுவனாக இருந்தபோது நோயில் விழுந்தான். பிழைத்தெழுந்தால் பால் காவடி எடுத்து, நடந்தே படியேறி வருவதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். குடும்பச் சுமையில் ஆண்டுகள் கழிந்தன, முழங்கால்கள் தேய்ந்தன. இனி 693 படிகளை ஏறுவது எங்ஙனம்? 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004-இல் ரோப் காரும் வந்துவிட்டது. பிள்ளைகள் அதைச் சொல்லும்போதெல்லாம், “நடந்து வருவதாகவல்லவா சொன்னேன்” என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

குறிஞ்சியாண்டவர் கோயிலின் வரலாறும் ஓர் அன்பின் வரலாறே. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவநெறியைத் தழுவிய லீலாவதி இராமநாதன் அம்மையார் 1936-இல் எழுப்பியது. பழநித் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030. அதைக் காண இருப்போமா என்ற எண்ணம் முதியோர் எவருக்கும் எழாமலிராது.

ஒரு நாள் குருக்கள் மூதாட்டியின் மனக்குறையைக் கேட்டார். “அம்மா, இடும்பன் கதை தங்களுக்குத் தெரியாததா?” என்று தொடங்கினார்.

அகத்திய முனிவரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை இடும்பன் கயிலையிலிருந்து சுமந்து வந்தான். பிரமதண்டமே காவடித் தண்டு, பாம்புகளே கயிறு. ஆவினன்குடியை அடைந்தபோது களைப்பு மேலிட்டது. காவடியை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. மேலே கோவணமும் தண்டுமாக ஒரு பாலகன் நின்றான். போர் மூண்டது, இடும்பன் வீழ்ந்தான், இடும்பியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்றான். மலைவழியில் காவலாக நிற்கும் பேறும், காவடி சுமந்து வருவோர்க்கு அருளும் வரமும் அவனுக்குக் கிடைத்தன.

இறக்கி வைத்த அவ்விரு குன்றுகளையும் சூழ்ந்தே ஊர் வளர்ந்தது. ஒன்றில் தண்டாயுதபாணி, மற்றொன்று இடும்பன் மலை. அடிவாரத்தில் மூன்றாம் படைவீடான திருவாவினன்குடி. ஊருக்குள் பெரியநாயகியம்மன் கோயில். ஊரின் தொன்மைக்குச் சங்க நூல்களே சான்று. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே, ஆவி என்னும் வேளின் ஊராகப் பொதினி பேசப்படுகிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் இந்த ஆவியர் குடியினனே. பொதினியே பழநியாயிற்று என்பர் அறிஞர்.

“அந்த ஊரே ஒருவன் தூக்கமாட்டாமல் இறக்கி வைத்த சுமைதானே, அம்மா!” என்றார் குருக்கள். மூதாட்டி மறுமொழி சொல்லவில்லை. திருநீற்றை வாங்கிக்கொண்டு நடந்தார்.

தைப்பூசக் கூட்டம் தணிந்தபின், மலைப்பாதையில் பேருந்தேறித் தாயும் மகனும் பழநிக்கு இறங்கினர். அடிவாரத்தில் மூதாட்டி முதற்படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பின்னர் காவடியைத் தாமே எடுத்து, யாருக்காக நேர்ந்தாரோ அந்த மகனின் தோளில் ஏற்றினார். அவன் படிவழியே சென்றான். அவர் விஞ்சில் ஏறினார்.

மேலே வெகுநேரம் காத்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்த மகன் வியர்வை வழிய வந்து நின்றபோது, “ஏனப்பா இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“இடும்பன் சந்நிதியில் சற்று இறக்கி வைத்தேன் அம்மா” என்றான் அவன்.