மணிக்கு ஒரு ஸ்வெட்டர்

பி.காம். படிச்சு, பேங்க்ல இருபது வருஷத்துக்கு மேல கணக்குப் பார்த்த ஆள், ராத்திரி பத்து மணிக்குக் கம்பளி நூலும் ஊசியுமா உட்கார்ந்தா வீட்டுல சிரிக்கத்தான் செய்வாங்க. தங்கமணி சிரிச்சாங்க. பொண்ணு போட்டோ எடுத்தா. எல்லாம் மணியால வந்தது. (தங்கமணி இல்லீங்க, வெறும் மணி. எங்க நாய்.)

மணி டாஷ்ஹண்ட் ஜாதி. ஜெர்மனியில, பேட்ஜர்ங்கிற பிராணியை வளைக்குள்ளயே போய்ப் பிடிக்கறதுக்காக வளர்த்த இனம். அதனால உடம்பு நீளம், கால் குட்டை, நெஞ்சு மட்டும் நல்லா கீழே இறங்கியிருக்கும். இவனுக்கு வயசு பதினொண்ணு. டிசம்பர் வந்தா நடுக்கம். பெங்களூர்ல 1884 ஜனவரியில 7.8 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கு. இப்பல்லாம் விடியக்காலையில பதினஞ்சு டிகிரி கிட்டத்தான். ஆனா வயிறு தரையை உரசற மாதிரி நடக்கறவனுக்கு அதுவே ஜாஸ்தி. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவான்.

மணி போகலைன்னா அப்பாவும் போக மாட்டார். பிரச்சினையே அதுதான். அம்மா போனப்புறம் மாயவரத்து வீட்டைப் பூட்டிட்டு எங்களோட விவேக் நகருக்கு வந்தவர். இங்கே தமிழ் பேசறவங்க நிறைய உண்டு. ஆனா அவரா போய் யார்கிட்டயும் பேச மாட்டார். மணியைக் கூட்டிக்கிட்டு குழந்தை இயேசு கோயில் வரைக்கும் நடந்தா, நாயைப் பார்த்து யாராவது பேச்சுக் கொடுப்பாங்க. அவ்வளவுதான் அவரோட வெளியுலகம். அந்த டிசம்பர்ல அதுவும் நின்னுபோச்சு.

கடையில வாங்கிப் பார்த்தோம். கழுத்துக்குச் சரியா இருந்தது பாதி முதுகோட நின்னுது. நீளத்துக்குச் சரியா இருந்தது கழுத்துல தொங்கி, காலைத் தட்டிச்சு.

கீழ் வீட்டு மங்களூர் ஆண்ட்டிதான் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. முதல்ல சின்னத் துண்டு ஒண்ணு பின்னி அளக்கணுமாம். எனக்குப் பத்து சென்டிமீட்டருக்கு இருபது கண்ணி வந்தது. மணியோட கழுத்து 30, அதுக்கு 60 கண்ணி. நெஞ்சு 44, அதுக்கு 88. இடுப்பு 36, அதுக்கு 72. அட, இது நம்ம சப்ஜெக்ட்டாச்சேன்னு தெம்பாயிட்டேன்.

பத்து நாள்ல முடிச்சேன். மாட்டிவிட்டா பொம்மை மாதிரி அசையாம நிக்கறான்! கணக்கு சரி, ஆள் தப்பு. கால் ஓட்டையை மனுஷன் சட்டைக்கு வைக்கற மாதிரி ரெண்டு பக்கமும் தள்ளி வெச்சிருக்கேன். அவனுக்கோ முன்னங்கால் ரெண்டும் நெஞ்சுக்கு அடியில கிட்டக்கிட்ட இருக்கு.

அதுவரைக்கும் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்த அப்பா எழுந்து வந்தார். நெஞ்சுக்கும் கம்பளிக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டு விரல் போகணும்டா. ஒண்ணுதான் போவுது. அப்புறம், அவன் முதுகு வலிக்காரன். தலை வழியா மாட்டி, காலை மடக்கிச் சிரமப்படுத்தாதே. முதுகுல பட்டன் வை."

பிரிச்சேன். தினமும் ராத்திரி அப்பா மணியை மடியில வெச்சுப் பிடிச்சுக்க, நான் அளவெடுத்தேன். கண்ணி கூட்டறதை எல்லாம் நெஞ்சுப் பக்கமே கூட்டினேன். கால் ஓட்டையை உள்ளே தள்ளினேன். அடிவயித்துப் பக்கம் சீக்கிரமே முடிச்சேன், ஆண் நாய், நனைச்சுக்குவான். முதுகுல அஞ்சு பட்டன், வாய்க்கு எட்டாத இடம்.

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காலையில ஆறரை மணிக்கு அப்பாவே போட்டுவிட்டார். மணி ஒருதரம் உதறிப் பார்த்தான். அப்புறம் வாசலைத் தாண்டிட்டான். மஃப்ளரைச் சுத்திக்கிட்டு அப்பா பின்னாலேயே போனார்.

அரை மணியில வர்றவர் ஒன்றேகால் மணி நேரம் வரலை. எனக்கு ஆபீஸ் ஓடலை. செருப்பை மாட்டிக்கிட்டுத் தேடப் போகும்போது தெருமுனையில ரெண்டு பேரும் வர்றாங்க, நிதானமா.

"கோயில் வாசல்ல மெழுகுவர்த்தி விக்கற அம்மாவுக்குக் கும்பகோணமாம்டா" என்றார். "ஸ்வெட்டர் எங்கே வாங்கினதுன்னு கேட்டாங்க."