இயந்திரமும் திருத்துவோரும்

புல்லை வெட்டுவதற்கு ஓர் இயந்திரம். அதன்மேல் ஏறியமர்ந்து ஓட்டுவதற்கு ஓர் ஆசனம். இதைப்பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் எமக்கும் இயந்திரங்களுக்கும் நெருங்கிய உறவு எதுவுமில்லை. ஆயினும் கடந்த இரண்டு மாரிகளிலே இந்த இயந்திரத்தின் பொருட்டு எமது ஆசிரியர் அறையில் நிகழ்ந்த வாதங்களும், கொழும்புக்கு நாம் எடுத்த தொலைபேசி அழைப்புக்களும், ஒரு பொருளை விற்பவனுக்கும் அதனை வைத்திருப்பவனுக்கும் அதனைத் திருத்துபவனுக்கும் இடையேயுள்ள உறவைப்பற்றிச் சிந்திக்க எம்மைத் தூண்டின.

எமது மண்ணில் புல் மாரிக்குரியது. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி கழிவதற்குள் மைதானம் முழங்காலளவு புல்லால் மூடிவிடும். தையும் மாசியும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின் காலம். ஆகவே ஆண்டுதோறும் மழை விட்டதும் புல்லை வெட்டியாக வேண்டும். முன்னர் இவ்வேலையை மூவகையினர் செய்தனர். அயலிலுள்ள பெண்கள் உழவாரமும் சாக்கும் கொண்டுவந்து தங்கள் மாடுகளுக்கெனப் புல்லுச் செருக்கிச் சென்றனர். எஞ்சியதை, தோளிற் கொளுவி வெட்டும் சிறு இயந்திரமொன்றைச் சொந்தமாக வைத்திருந்த தொழிலாளி ஒருவர் நாலைந்து நாட்கள் நின்று வெட்டுவார். ஓரங்களையும் ஓடுபாதையையும் மாணவர் சிரமதானத்தில் துப்புரவு செய்வர்.

உழவாரத்தைப்பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். கோயில்களிலே அப்பரடிகளின் திருவுருவத்தைக் கண்டோர் அவர் தோளிற் சார்ந்திருக்கும் கருவியை அறிவர். திருவீதிகளிற் புல்லைச் செதுக்க அவர் ஏந்திய அதே கருவியே இன்றும் எமது ஊர்ப் பெண்களின் கையில் இருக்கிறது. பிடி உடைந்தால் வேலியில் ஒரு தடி போதும். வாய் மழுங்கினால் கொல்லன் பட்டடை அடுத்த தெருவில். இத்தனை நூற்றாண்டுகளில் உழவாரத்துக்கு உத்தரவாதப் பத்திரம் கேட்டவர் எவருமிலர்.

இதனாற் பழைய கருவியே போதும் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணற்க. குனிந்து குனிந்து இடுப்பொடிவது உழைப்பின் பெருமையன்று. கனடாவிலுள்ள எமது பழைய மாணவர் பணம் திரட்டி, கொழும்பு முகவர் ஒருவர் மூலமாக ஏறியோட்டும் புல்வெட்டும் இயந்திரமொன்றை அன்பளிப்புச் செய்தபோது நாமும் மகிழ்ந்தோம். நாடா வெட்டப்பட்டது, அதிபர் ஆசனத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். முதல் மாரியில் அவ்வியந்திரம், முன்னர் நாலு நாட்கள் எடுத்த வேலையை ஒரு காலைப்பொழுதில் முடித்துத் தந்தது. அதையும் கூறாவிடில் நாம் நேர்மையற்றவராவோம்.

புல்வெட்டும் இயந்திரத்தின் வரலாறு 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயர் மாவட்டத்தில் தொடங்குகிறது. எட்வின் பட்டிங் என்பவர், ஆலையிலே கம்பளித் துணியின் மேற்பரப்பை மழிக்கும் பொறியைக் கண்டு, அதே முறையிற் புல்லையும் மழிக்கலாமென எண்ணினார். திருகாணிகளைக் கழற்றப் பயன்படும், வாயைக் கூட்டிக் குறைக்கத்தக்க சாவியொன்றை உருவாக்கிய பெருமையும் அவருக்கு உரியதாகக் கூறப்படுகிறது. இயந்திரத்தை ஆக்கிய கையே அதனைக் கழற்றும் கருவியையும் ஆக்கியது! ஏறியோட்டும் வகையோ, இரண்டாவது உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்கப் புறநகர்களில் வீட்டுக்கு வீடு பரவியது. சமமான தரை, மென்மையான புல், வாரமொருமுறை வெட்டு: இவற்றுக்கென அமைந்தது அது. கோரையும் நெருஞ்சியும் கல்லும் பனங்கொட்டையும் நிறைந்த, ஆண்டுக்கொருமுறை மட்டும் வெட்டப்படும் தரையை அதனை வரைந்தவர் கனவிலும் கண்டிரார். எமது இயந்திரம் இரண்டாம் மாரியில் நோயுற்றதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பழுதானது பற்றி எமக்குப் பெருங்குறை இல்லை. ஓடுகின்ற எதுவும் தேயும். தேய்ந்தபின் நிகழ்ந்தவையே குறைக்குரியன.

நோய்கள் இரண்டு. ஒன்று, தரை சற்று மேடாக உள்ள இடமெல்லாம் எஞ்சின் திடீரென நின்றது. மற்றது, அலகுகள் சுழலும் தட்டிலிருந்து ஒரு கிரீச்சொலி எழுந்து, இரண்டு நாட்களில் அவற்றைச் சுழற்றும் பெல்ற் அறுந்தது.

கொழும்பு முகவரை அழைத்தோம். தமிழுக்கு மூன்றை அழுத்துமாறு ஒரு குரல் தமிழிலே சொல்லிற்று. அழுத்தினோம். இருபது நிமிடம் இசை கேட்டோம். பின்னர் வந்த பெண்குரல், தமிழ் பேசும் அலுவலர் அன்று இல்லையென ஆங்கிலத்திற் கூறி, தொடரிலக்கத்தைக் கேட்டு, ஒரு முறைப்பாட்டு இலக்கத்தைத் தந்தது. அடுத்த அழைப்பில் வேறொரு குரல், மீண்டும் முதலிலிருந்து. மூன்றாவது அழைப்பில் இயந்திரத்தைக் கொழும்புக்குக் கொண்டுவருமாறு பணித்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். லொறிக்கூலி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். பத்து நாட்களின் பின், எமது முறைப்பாடு தீர்க்கப்பட்டுவிட்டதென்றும், சேவையில் நாம் அடைந்த திருப்தியை ஒன்று முதல் ஐந்துவரை புள்ளியிட்டுத் தெரிவிக்குமாறும் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. புள்ளியிடுதல் எமது தொழிலாதலால் அதனை மட்டும் தயங்காமற் செய்தோம்.

தொலைபேசியிற் பேசிய அப்பெண்களை நாம் நோகவில்லை. அவர்களும் கூலிக்கு உழைப்பவர்களே. முன்னே எழுதிவைக்கப்பட்டதை வாசிக்கவும், அழைப்பை விரைவில் முடிக்கவும் பணிக்கப்பட்டவர்கள். இயந்திரத்தை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டிருப்பார்களோ என்பதே ஐயம். இயந்திரத்தை அறிந்தவர் பேசுவதில்லை, பேசுபவர் அறிந்ததில்லை என்னும் இந்த ஏற்பாடு எவருடைய ஆதாயத்துக்காக அமைந்ததோ அவரை நாம் ஒருநாளும் தொலைபேசியிற் சந்திக்கவில்லை.

பின்னர் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து வாசித்தோம். நுண்ணெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுப் பாவனைக்கு இரண்டாண்டு. நிறுவனப் பாவனைக்கு 90 நாள். பாடசாலை ஒரு நிறுவனமாம். விற்றபோது பற்றுச்சீட்டைப் பாடசாலையின் பெயரிலேயே எழுதினர். ஆனால் இந்த வேறுபாட்டை எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பணம் கொடுத்து முகவரிடமே செய்விப்பதாயின், அலகின் சுழல்தண்டு முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டும். விலை 45,000 ரூபா. மூன்று மாதம் செல்லும். போட்டிக்கோ மூன்று வாரமே இருந்தது.

எமது ஊர்க் கராச்சில் நாற்பதாண்டுகளாக வேலைசெய்யும் முதியவர் ஒருவர் உளர். அவர் வந்தார். தட்டைக் கழற்றிச் சுழல்தண்டைப் பிரித்து, உள்ளே இறுகிப்போயிருந்த பெயாரிங்கை எடுத்து, அதன் விளிம்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். 6203 என்று பொறிக்கப்பட்டிருந்தது.

“இந்த நம்பர் இருந்தால் காணும், மாஸ்டர்” என்றார்.

6203 என்பது உலகமெங்கும் ஒரே அளவு. உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில் எவர் செய்தாலும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தும். நீர்ப்பம்பியிலும் மின் மோட்டாரிலும் சுழல்வது இதுவே. பட்டணத்துக் கடையில் ஆயிரம் ரூபாவுக்குள் கிடைத்தது. மாலைக்குள் கிரீச்சொலி நின்றது. 45,000 ரூபாப் பெறுமதியென்று சொல்லப்பட்ட நோய் அது! 1841ஆம் ஆண்டில் யோசேப் விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் திருகாணிப் புரிகளுக்குப் பொதுவான அளவொன்றை முன்மொழிந்தார். அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையின் ஆணியும் அந்தந்தப் பட்டறைக்கே உரியது. பொது அளவு என்பது ஒருவகைப் பொதுமொழி. அதனைத் தெரிந்தவன் எந்த இயந்திரத்துடனும் உரையாடலாம்.

பெல்ற்றோ அம்மொழியைப் பேச மறுத்தது. அதன்மேல் இருந்தது கொம்பனியின் சொந்த இலக்கம் மட்டுமே. நீளமோ அகலமோ இல்லை. முதியவர் நூலால் அளந்து, அரிசி ஆலைகளிற் பூட்டும் பெல்ற் ஒன்றைப் பொருத்தினார். அது ஒரு மணி நேரத்தில் தீய்ந்தது. அலகை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் வழுக்கித் தாங்கவேண்டிய பெல்ற்றுக்கு உள்ளே வன்மையான விசேட நார் வேண்டும் என்பதை அவர் தீய்ந்த துண்டைப் பிளந்து எமக்கு விளக்கினார். சரியான அளவையும் இனத்தையும் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் இந்த வீண்செலவு இல்லை.

இடையிடையே எஞ்சின் நின்றதன் காரணம் ஆசனத்தின் கீழேயிருந்த சிறு சுவிச். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் உடனே நிற்பதற்கென அமைந்தது அது. மழையீரத்தில் அதன் இணைப்புத் துருப்பிடித்து, குலுங்கும்போதெல்லாம் ஆசனம் வெறுமையாக இருப்பதாக இயந்திரத்துக்குப் பொய்ச்செய்தி அனுப்பிற்று. அந்தச் சுவிச்சையே தவிர்த்து வயரை நேரே இணைத்துவிடலாமென ஒருவர் ஆலோசனை கூறினார். முதியவர் மறுத்தார்: “பிள்ளையள் திரியிற இடம், மாஸ்டர். அப்பிடிச் செய்யக்கூடாது.” வயர்ப்படம் எதுவுமின்றி அரைநாள் தடவித் தேடி, துருவைச் சுரண்டி, இணைப்பைப் புதுப்பித்தார். அவர் போன்ற பொறுமையும் பொறுப்பும் எல்லாரிடத்தும் இருக்குமா? அறிவை மறைத்தால் மக்கள் திருத்தாமல் இருக்கப்போவதில்லை. ஆபத்தான வழியிற் திருத்துவார்கள். பாதுகாப்பின் பெயரால் வயர்ப்படத்தைப் பூட்டி வைப்போர் இதனை எண்ணுவதில்லை.

‘திருத்துதல்’ என்னும் சொல் எமக்கு மிகவும் பிடித்தமானது. தமிழகத்தார் பழுது பார்ப்பர், நாம் திருத்துவோம். சைக்கிள் திருத்துமிடம் என்று பலகையில் எழுதுகிறோம். மாணவரின் கொப்பியையும் திருத்துகிறோம். பிழையைக் கண்டால் கொப்பியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

எமது மக்களுக்கு இக்கலை இயல்பானது. ஐம்பதுகளில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ போட்டிக் கார்களும் மொறிஸ் மைனர்களும் அரைநூற்றாண்டு கடந்தும் யாழ்ப்பாணத் தெருக்களில் வாடகைக்கு ஓடின. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்கீழ், எமது தந்தையர் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அது வறுமையின் கெட்டித்தனம். அதனைப் பொற்காலமாக்கிப் பாடுவதற்கில்லை. ஆனால் அந்த இயந்திரங்களின் உள்ளே கை நுழைய இடமிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது எம்மூர்க் குறை மட்டுமன்று. இயந்திரங்கள் பிறக்கும் நாட்டிலும் உழவர் இதே முறைப்பாட்டுடன் நிற்கின்றனர். அங்கே உழவு இயந்திரங்களுக்குள் கணினி புகுந்தபின், கொம்பனியின் மென்பொருளின்றிச் சில பழுதுகளை நீக்க இயலாது; அறுவடை நாளில் முகவரின் ஆள் வரும்வரை வயலோரத்திற் காத்திருக்க வேண்டும். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2025 சனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணைக்குழு, திருத்தும் வேலையைத் தன் முகவர்க்குள் அடைத்து வைத்ததாக ஜோன் டியர் கொம்பனிமீது வழக்குத் தொடுத்தது. (எமது இயந்திரம் அக்கொம்பனியினுடையதன்று.) இலங்கையில் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. ஆயினும் பொருளை வாங்கியவனுக்கு அதன் அளவுகளையும் வயர்ப்படத்தையும் அறியும் உரிமை உண்டென்று எமது ஊரில் எவரும் இன்னும் உரத்துப் பேசியதாகத் தெரியவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, உதிரிப்பாகங்களின்றி ஊரெல்லாம் முடங்கிய ஒரு நாட்டில் இது பேசவேண்டிய பேச்சு.

பெல்ற் இல்லாத இயந்திரம் கொட்டகைக்குள் போனது. போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், முன்னர் தோளிற் கொளுவி வெட்டிய தொழிலாளியை அழைத்துவர ஆளனுப்பினோம். வெறுங்கையுடன் வந்தார்.

“மெசினை வித்துப்போட்டன், சேர். பள்ளிக்கூட வேலை இல்லையெண்டால் அதை வைச்சு என்ன செய்யிறது?”

இப்பொழுது அவர் மேசன் ஒருவருக்குக் கையாளாகச் செல்கிறார். உழவாரத்துடன் வந்த பெண்களிலும் இருவர் மாடுகளை விற்றுவிட்டனர். இயந்திரம் புல்லைத் துணுக்குகளாக நறுக்கித் தரையிலேயே சிதறிவிடுகிறது. அதை அள்ளி மாட்டுக்குப் போட இயலாது. முன்னைய ஆண்டு அவர்கள் மைதான வாசலில் வந்து பார்த்துத் திரும்பிப் போனதை நாம் கண்டிருக்கிறோம். இம்முறை புல்லை மாணவரும் ஆசிரியரும் இரவல் வாங்கிய கத்திகளால் ஐந்து பிற்பகல் வெட்டினோம். நூறு மீற்றர் ஓட்டம் நடைபெற்ற தடத்தில் அறுகின் கட்டைகள் முள்ளாக நின்றன. வெறுங்காலுடன் ஓடிய பிள்ளைகள் சிலர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினர்.

சென்ற மாதம் கனடாவிலிருந்து பழைய மாணவர் சங்கத்தினர் பேசினர். பழையது சரிவராதெனின் இதைவிடப் பெரிய புதியது ஒன்றை அனுப்பலாம் என்றனர். அவர்களின் அன்பில் எமக்கு ஐயமில்லை. நன்றி கூறி, இருக்கும் இயந்திரத்துக்கு மூன்று பெல்ற்றுக்களையும், அதன் வயர்ப்படத்துடன் கூடிய பட்டறைக் கைநூலையும் முதலில் தேடி அனுப்புமாறு கேட்டோம். கைநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் போதும். கராச் முதியவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையை நாம் ஏற்றிருக்கிறோம்.