தெருக்குழாயடியில் கற்ற பாடம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் மோட்டார் சைக்கிளைக் கழுவிவிடலாம் என எண்ணி, ஏரியூரில் எங்கள் தெருவிலுள்ள பொதுக்குழாய் அருகே அதை நிறுத்தினேன். ஏற்கெனவே இரண்டு வண்டிகள் அங்கே நின்றிருந்தன. குழாயைத் திறந்துவிட்டுச் சக்கரத்துச் செம்மண்ணைத் தேய்த்துக் கொண்டிருந்தேன்.

அண்டை வீட்டு மூதாட்டி குடத்துடன் வந்தார். வண்டிகளைத் தாண்டிக் குழாயை அணுக அவருக்கு வழியில்லை. சற்று நேரம் நின்றார். "நீங்க கழுவுங்க பாய், நான் அடிபம்புல அடிச்சுக்கறேன்" என்று கூறித் திரும்பிவிட்டார். கோபமே இல்லாத அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவர் வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள்.

வெளியூர் வாசகர்களுக்கு இதிலுள்ள வேதனையை விளக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் அருந்தினால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது.

இதற்கு என் பற்களே சாட்சி. கிணற்று நீர் குடித்து வளர்ந்தவன் நான். என் நிக்காஹ் புகைப்படத்தில்கூட உதடுகளை இறுக மூடியே நிற்கிறேன்.

இந்தத் துன்பம் தீரவே, ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் காவிரி நீரைத்தான் நான் சக்கரத்தில் ஊற்றிக் கொண்டிருந்தேன்!

பிறர் வழியை மறித்து வண்டி நிறுத்தலாகாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளே கூறின. 2017இல் வந்த புதிய விதிகளும் அதையே கூறுகின்றன. ஆனால் சட்டம் எதற்கு? பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இரு கைகளில் அள்ளும் அளவான ஒரு 'முத்து' நீரில் உளூவை முடித்தவர்களும் அவர்களே. அன்று பாதையில் கிடந்த இடையூறு என் வண்டிதான்.

வண்டியை நகர்த்திவிட்டு அடிபம்புக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்டு, அந்தக் குடத்தை வாங்கி வந்து குழாயில் நிரப்பிக் கொடுத்தேன். மற்ற இரு வண்டிக்காரர்களிடமும் அன்று மாலையே பேசினேன். இப்போது குழாயடியில் எந்த வண்டியும் நிற்பதில்லை. வண்டியை வீட்டிலேயே ஒரு வாளி உப்புநீரில் ஈரத்துணி கொண்டு துடைத்துக் கொள்கிறேன்.

சகோதர சகோதரிகளே! உங்கள் தெருக்குழாயடியையும் ஒருமுறை பாருங்கள். அங்கே வழி மறித்து நிற்பது நம் வீட்டு வண்டியாக இருக்க வேண்டாம்.

அந்தச் சிறுமிக்குப் பால்பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. முளைக்கப் போகும் பற்களேனும் வெண்மையாக முளைக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.