"என்ன தப்பு செஞ்சானாம்?"

போலீஸ் காவலில் ஓர் இந்திய இளைஞர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். எப்படி இறந்தார் என்று கேட்பதற்கு முன்பே எதற்காகப் பிடிபட்டார் என்று கேட்கிறோம். திருட்டு, குண்டர் கும்பல் என்று பதில் வந்துவிட்டால் ஒரு 'ச்சே' போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

இதற்குக் காரணம் கல்நெஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. பயம்தான். அவன் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டால், நம் பிள்ளைக்கு அது நடக்காது என்று நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா?

குகனை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில், சொகுசுக் கார் திருட்டு தொடர்பான விசாரணைக்காகக் கைதானார். ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா வட்டாரக் காவல் நிலையம் ஒன்றில் இறந்தார். வயது 22. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் உயிரோடு இல்லை. முதல் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பத்தார் ஏற்கவில்லை. உடலில் இருந்த காயங்களைப் படம் எடுத்திருந்தார்கள். இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த அந்தப் பரிசோதனையில் 45 வகையான வெளிக்காயங்கள் பதிவாயின. பலமாக அடிபட்டுத் தசைகள் சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்றது அறிக்கை.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. காயம் விளைவித்ததாக ஒரே ஒரு கான்ஸ்டபிள் மீது வழக்கு. முதலில் விடுதலை, மேல்முறையீட்டுக்குப் பிறகு மறுபடி விசாரணை, 2012இல் மூன்றாண்டுச் சிறைத் தீர்ப்பு. அந்தக் கான்ஸ்டபிளும் ஓர் இந்தியர்தான் என்பதைச் சிலர் அழுத்திச் சொல்வார்கள், இதில் இனத்துக்கு இடமே இல்லை என்று காட்டுவதற்காக. அடிக்கும் கை எந்த இனமாகவும் இருக்கலாம். யாரை அடித்தால் கேட்க ஆள் வராது என்ற கணக்கில்தான் இனம் வருகிறது.

குகனின் தாயார் கேட்டார். சிவில் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26ஆம் தேதி உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. தற்செயலாக, அந்த நாள் சித்திரவதைக்கு ஆளானோருக்காக ஐக்கிய நாடுகள் சபை குறித்து வைத்திருக்கும் நாள். நாலரை ஆண்டுகள் ஒரு தாய் படியேறி இறங்கியிருக்கிறார். ஒரு கல்லைக்கூட அவர் எடுக்கவில்லை. படங்களும் மருத்துவ அறிக்கையும் போலீஸ் புகாரின் நகலும் வழக்கறிஞரும்தான் துணை.

என் அக்கா மகனுடைய விஷயத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன், மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவனை, களவுபோன மோட்டார் சைக்கிள் பற்றிய விசாரணை என்று அழைத்துப் போனார்கள். எந்த நிலையம் என்று தெரியவே இரவு பதினோரு மணி ஆகிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்" என்றார் அத்தான். அவனுடைய நண்பர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று, ஸ்டேஷனுக்குப் போய்க் கத்தலாம் என்று துடித்தார்கள். ஒருவர் மௌனம், மற்றவர்கள் ஆத்திரம். இரண்டில் எதுவுமே உள்ளே இருக்கும் பையனுக்கு உதவாது. நிலையத்தின் வாசலில் ஒருவன் கை ஓங்கினால் போதும். அரசு ஊழியரைத் தடுத்ததாக இன்னொரு வழக்கு பிறந்துவிடும்.

அக்காதான் ஒரு பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். பிடித்த நேரம், இடம், பேசிய அதிகாரியின் பெயர், சட்டையில் இருந்த எண், எல்லாம் எழுதினாள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வாக்குமூலம் வாங்குமுன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்று கைதானவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு; விதிவிலக்குகள் உண்டு. தடுப்புக் காவல் விண்ணப்பம் வரும்போது இலவசமாக வாதாட தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் இருக்கிறார்கள். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. இரவில் ஒவ்வோர் எண்ணாக அழைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன் ஒரு பெண் வழக்கறிஞர் எழுந்து, "இவருடைய காதருகே வீக்கம் இருக்கிறது, மருத்துவப் பரிசோதனை வேண்டும்" என்றார். அது பதிவானது. அன்று மாலை மருத்துவமனை, அதற்கு மறுநாள் விடுதலை. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காதருகே என்ன நடந்தது என்று அவன் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை.

மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். போன முறை சில மலாய், சீன இளையோரும் வந்து நின்றார்கள்; 2010இல் ஷா ஆலமில் போலீஸ் சுட்டு இறந்த பள்ளி மாணவர் அமினுல்ரஷீட் ஒரு மலாய்ப் பிள்ளை என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் மெழுகுவர்த்தி அணைந்த பிறகு புகாரைப் பின்தொடர ஆள் வேண்டும். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் சொன்னது 2005இல். இன்றைய காவல்துறை நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது 2023 ஜூலையில். அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, பரிந்துரைதான் செய்யலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் புகார் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காத புகாருக்குக் கோப்பு எண்கூட இருக்காது.

போன மாதம் அக்காவின் அடுக்குமாடியில் நான்காம் மாடிக் குடும்பம் ஒன்று இரவில் கதவைத் தட்டியது. அவர்களுடைய மகனைப் பிடித்துப் போய்விட்டார்களாம். 'என்ன தப்பு செஞ்சான்' என்று அக்கா கேட்கவில்லை. "எத்தனை மணிக்குப் பிடிச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தைத் தேடினாள். அத்தான் கார்ச் சாவியை எடுத்தார்.