பாதி நல்லது

ஒரு பழைய கணிப்பொறிக்கு நினைவைக் கூட்டப் போய், நான் மறக்க முயன்ற ஒன்றை நினைவுபடுத்திக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன்.

போபோடியில், 2023 முதல் மெட்ரோ இரயில் நின்று போகும் அந்தச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், என் தந்தையார் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் எட்டாம் வகுப்புக் கணக்கில் தவறி, 1982இல் தம் பதினைந்தாம் வயதில் புனேக்கு இரயிலேறியவர். "நான் அரைப்படிப்புக்காரன்" என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வார். நான் இயற்பியலில் முதுநிலை பயில்கிறேன். "உன் தந்தை என்ன செய்கிறார்?" என்று துறையில் யாரேனும் கேட்டால், "மின்னணுத் தொழில்" என்பேன். பொய் அன்று, ஆயினும் முழு மெய்யும் அன்று.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூனா பஜாரில் பழைய சாமான் குவியலுக்கு நடுவே ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் கண்டேன். ரப்பர்ப் பொத்தான்கள், ஓரத்தில் வானவில் கோடு. இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' அது! வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகவும், டேப் ரிக்கார்டரையே சேமிப்பாகவும் கொண்ட எளியோர் கணிப்பொறி. 16 கே நினைவுள்ளது 125 பவுன். 48 கே உள்ளது 175 பவுன். எனக்குக் கிடைத்தது 16 கே. அதிலும் திரைக் காட்சிக்கே 6,912 பைட் போய்விடும். நாம் எழுதும் கட்டளைகளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 9 கேதான்.

அப்பா பெட்டியைத் திறந்தார். பலகையில் பன்னிரண்டு சாக்கெட்டுகள் காலியாக இருந்தன. நினைவுக்கு எட்டு ஐ.சி.; அவற்றை ஆள நான்கு. இவற்றைப் பொருத்தினால் 48 கே ஆகிவிடும்.

அந்த எட்டு ஐ.சி.க்களின் கதையைக் கேளுங்கள். 65,536 அறைகள் கொண்டவையாகப் பிறந்து, சில அறைகள் பழுதுபட்டதால் ஆலைச் சோதனையில் தேறாதவை அவை. பழுது ஒரு பாதியில் மட்டும் இருந்தால் மறுபாதியின் 32,768 அறைகளும் நல்லவையே அல்லவா? அவற்றை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தியது சின்க்ளேர். எந்தப் பாதி நல்லது என்பதை ஐ.சி.யின் முதுகிலுள்ள குறி சொல்லும். எட்டும் ஒரே பாதி நல்லவையாக இருக்க வேண்டும். அதற்கேற்பப் பலகையில் ஒரு கம்பியை இணைக்க வேண்டும். இத்தனையையும் அப்பாவுக்கு ஆசிரியர்போல் விளக்கினேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, எட்டுப் போதும் என்றேன். "பத்தா வாங்கு, தம்பி" என்றார். வீண் செலவு என்று எண்ணியபடியே வாங்கினேன்.

ஐ.சி.க்களை நான் பொருத்தினேன். கம்பியை அவர் பற்றவைத்தார். கடையிலிருந்த பழைய தொலைக்காட்சியில் இணைத்து, நினைவின் கடைசி முகவரியைக் கேட்டேன். 16 கே என்றால் 32767 என்று வரும். 48 கே என்றால் 65535. இந்தப் பொறி விழித்ததும் தன் நினைவைத் தானே வரிசையாகச் சோதிக்கும். முதற் பழுதைக் கண்ட இடத்தில் நின்றுவிடும். எங்கள் பொறி நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது.

தாளை எடுத்தேன், மின்சுற்றை வரைந்தேன், இரண்டு மணி நேரம் கணக்கிட்டேன். விடை கிட்டவில்லை. கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்த அப்பா, பூதக்கண்ணாடியை எடுத்து எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி, ஏழுல 'எல்'னு போட்டிருக்கு. இது ஒண்ணுல மட்டும் 'எச்'னு இருக்குதே?"

எனக்கு முகம் சிவந்தது. எட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று சொன்னவனே நான்தான். சொன்னேனே தவிர, பார்க்கவில்லை. கூடுதலாக வாங்கிய இரண்டில் ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினார். 65535!

அப்பா அந்த எண்ணையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பாதி கெட்டுப்போனதுன்னுதானே சொன்னே?"

"ஆமாம்பா."

"அப்ப எவனோ நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கடைக் கதவை இழுத்து மூடப் போனார்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஒரு தேர்வில் தவறிய கணக்கை வைத்து அவரை எடைபோட்டவர் யார்? ஊரார் மட்டுமா? நானும் அல்லவா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ வீடுகளின் பெட்டிகளைப் பேசவும் பாடவும் வைத்த கைகளை, "மின்னணுத் தொழில்" என்ற சொல்லுக்குப் பின்னே ஒளித்து வைத்தேனே!

மறு வாரம் உதவித்தொகைக்கான படிவம் ஒன்றை நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், "தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர், போபோடி" என்று தெளிவாக எழுதினேன்.

வரும் பொங்கல் விழாவில் அந்தக் கறுப்புப் பெட்டியை நம் மன்ற அரங்கில் வைக்கவிருக்கிறேன். வந்து பாருங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். விடை சொல்ல அப்பாவும் வருகிறார்.