டிக்கெட்டுக்குள் அடங்கிய சாப்பாடு: திருவனந்தபுரம் ராஜதானியில் ஓர் இரவு

திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு எதிரே தம்பானூர் பேருந்து நிலையம். அதை ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த, செங்கல் நிறத்தில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். ரயில் ஏறுகிறவர்கள் பலரும் அங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் பிளாட்பாரத்துக்கு வருகிறார்கள். டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் செல்லும் ராஜதானியில் ஏறுகிறவருக்கு அந்த அவசியம் இல்லை. உணவு உண்டு என்று பதிவு செய்தவரின் டிக்கெட்டிலேயே உணவுக் கட்டணம் தனி வரியாக அச்சாகியிருக்கும்.

முதல் வகுப்பு ஏசி பெட்டிக்குள் நுழைந்தேன். இருவர் படுக்கும் கூபே, நால்வர் படுக்கும் கேபின் என இரண்டு வகை. எது கிடைக்கும் என்பது சார்ட் போட்ட பிறகே தெரியும். கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெள்ளை விரிப்பு, கம்பளி, தலையணை, துண்டு எல்லாம் தயாராக இருந்தன. வண்டி நகர்ந்ததும் தண்ணீர் பாட்டில் வந்தது. பரிமாறும் இளைஞர் இந்தியும் மலையாளமும் கலந்து, “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா சார்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

கொல்லம் நெருங்கும்போது சூப் வந்தது. கூடவே பிரெட் ஸ்டிக், வெண்ணெய். அதன் பிறகு சாப்பாடு: சோறு, ரொட்டி, பருப்பு, பனீர், தயிர், ஊறுகாய், கடைசியில் ஐஸ்கிரீம். ஆலப்புழை வரை ஆற அமரச் சாப்பிட்டேன். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியில் சாப்பாடு ஒரே தட்டில் மொத்தமாக வரும். இங்கே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பீங்கான் தட்டில் வைத்து, “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்கிறார்கள். ஆடும் பெட்டியில் சூடான சூப்பைச் சிந்தாமல் கொண்டுவர நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

முதல் வகுப்பு என்றாலே சாப்பாடு உண்டு என்று நம் ஊரில் பலர் நினைத்திருக்கிறார்கள். இதே நிலையத்திலிருந்து கிளம்பும் சென்னை மெயிலிலும் முதல் வகுப்பு ஏசி இருக்கிறது. அதில் படுக்கை விரிப்பு மட்டும்தான், சாப்பாடு கிடையாது. உணவைத் தீர்மானிப்பது வகுப்பு இல்லை, வண்டி. 1969-ல் ஹௌரா–டெல்லி பாதையில் தொடங்கிய ராஜதானி, 1988-ல் வந்த சதாப்தி, 2023 ஏப்ரல் 25 அன்று இதே திருவனந்தபுரத்தில் கொடியசைத்துத் தொடங்கிய காசர்கோடு வந்தே பாரத் எல்லாம் உணவுக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கும் வண்டிகள்.

அதனால் இதை இலவசம் என்று சொல்வது தவறு. வேண்டாதவர் முன்பதிவிலேயே மறுத்துவிட்டால் கட்டணம் குறையும். மறுத்தவர் வண்டியில் சாப்பாடு கேட்டால் 50 ரூபாய் கூடுதல். டீ, காபிக்கு அந்தக் கூடுதல் இல்லை என்று 2022-ல் ரயில்வே அறிவித்தது.

சாப்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. தேங்காயும் மீனும் மட்டை அரிசியும் கிடைக்கும் மண்ணில் கிளம்பும் வண்டியில், பனீரும் பருப்பும்தான் தட்டுக்கு வருகின்றன. வட்டார உணவு, பருவ உணவு, சர்க்கரை நோயாளிக்கான உணவு, குழந்தை உணவு ஆகியவற்றைச் சேர்க்கலாம் என்று ரயில்வே வாரியம் 2022 நவம்பரிலேயே அனுமதி தந்துவிட்டது. காலையில் ஆப்பமும் கடலைக்கறியும், இரவில் மட்டை அரிசிச் சோறும் தர இனி எந்த உத்தரவும் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

பயணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கிய உணவு இது. ஆறிப்போயிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள். அதே சமயம், டெல்லி வரை இரண்டு இரவுகள் அந்த வண்டியிலேயே நின்று பரிமாறும் தம்பிகளிடம் குரலை உயர்த்தாதீர்கள்.

உணவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதை வண்டி ஏறும் முன்பே டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.